வீரனுக்கு வால் போதும்

எங்கள் நாய் வீரனின் இடது காது மடங்கியே இருக்கும். வலது காது மட்டும் நிமிர்ந்து நிற்கும். செவலை உடம்பு, நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை வெளுப்பு. வாலின் நுனியில், சுண்ணாம்புப் பானைக்குள் தோய்த்து எடுத்ததுபோல நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை. முன்னங்கால் ஒன்றில் பழைய தழும்பு, அந்த இடத்தில் மயிர் எதிர்ப்பக்கமாகப் படிந்திருக்கும். இத்தனையும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். அவனை நான் வரைந்திருக்கிறேன், அதனால்தான். அதே வீட்டில் அதே வருஷங்களில் வந்துபோன எத்தனையோ சொந்தக்காரர்களின் முகம் எனக்குக் கலங்கிப்போய்விட்டது. உட்கார்ந்து பார்த்து, பென்சிலால் தொட்ட முகங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில், அரூரிலிருந்து தீர்த்தமலை போகும் பக்கம். தென்பெண்ணை ஆறு நடந்துபோகிற தூரத்தில் ஓடியது. 1980களின் தொடக்கம் அது. கிருஷ்ணகிரி இன்னும் தனி மாவட்டமாகப் பிரிந்திருக்கவில்லை. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கேழ்வரகு, சாமை, துவரை, அவரை. பெய்யாவிட்டால் புளியமரங்கள்தான் கைகொடுக்கும். மாடும் ஆடும் கோழியும் இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அவற்றை யாரும் செல்லப்பிராணி என்று சொன்னதில்லை. கறக்கிறது, முட்டையிடுகிறது, காவல் காக்கிறது, காசு முடைப்பட்டால் சந்தைக்குப் போகிறது. ஆனாலும் ஆயா தன் எருமைக்குக் கருப்பாயி என்று பேர் வைத்திருந்தாள். காலையில் கறக்க உட்காருவதற்கு முன் அதனிடம் ராத்திரி தூங்கினாயா என்று கேட்பாள். அதற்கு வேறு என்ன பேர் சொல்வது?

இந்த உயிர்களைப் பற்றிப் புத்தகம் போடலாம் என்ற யோசனை பெரியப்பா மகன் அண்ணனுடையது. அரூருக்கு ஒருமுறை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வண்டி வந்திருந்தது. வழவழப்பான தாளில், பக்கம் முழுக்க வண்ணப்படம் போட்ட ரஷ்யக் குழந்தைப் புத்தகம் ஒன்றை நம்ப முடியாத மலிவு விலைக்கு வாங்கி வந்தான். பனியில் ஓநாய், கரடி, முயல். அந்த ஊர் விலங்குகளை இந்த அளவுக்குத் துல்லியமாக அறிந்துகொண்ட பிறகு, அவன் திண்ணையில் படுத்திருந்த வீரனைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கரடியப் பத்தி எழுதியிருக்காங்க. வீரனப் பத்தி எவனும் எழுதலியே. நான் எழுதறேன், நீ படம் போடு பாப்பா."

அண்ணனுக்கு முத்துமுத்தான கையெழுத்து. முதல் நாளே ஒரு பக்கத்தை எழுதிக் கொண்டுவந்தான். வீரன் ஒரு நல்ல நாய், அது நன்றியுள்ளது, எங்கள் வீட்டைக் காக்கிறது. பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருந்தது. நான் பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றியை எந்தப் பக்கத்திலிருந்து வரைவது? நல்ல நாய்க்கும் மற்ற நாய்க்கும் காது வேறா, வால் வேறா?

"இத வரைய முடியாதுண்ணா. அது என்ன பண்ணுச்சுன்னு எழுது."

அவனுக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாள் வேறு பக்கம் எழுதினான். வீரனுக்கு இடியென்றால் பயம். வானம் உறுமினால் கேழ்வரகுக் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். மழை விட்ட பிறகும் கூப்பிட்டால் வராது. களி உருண்டையைக் காட்டினால் வரும்.

அதைப் படித்ததும் கை தானாக ஓடியது. குதிரைப் பெரிதாகப் போட்டேன். மண் பூசிய அதன் வயிறு, மேலே மூடி, சுவரில் மாட்டிய அரிவாள், சாய்த்து வைத்த உலக்கை. குதிருக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, வெள்ளை நுனி உள்ள ஒரு வால். அவ்வளவுதான். அண்ணன் நாய் எங்கே என்று கேட்டான். ஒளிஞ்சிருக்குதில்ல என்றேன். எழுத்து சொல்லிவிட்டதைப் படம் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்பதை அந்த வயதில் எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வீரன்தான் ஒளிந்துகொண்டு கற்றுக்கொடுத்தான். பின்னாளில் பிழைப்புக்காகப் பிறர் கதைகளுக்குப் படம் போடும் போதெல்லாம் முதலில் அந்த வாலைத்தான் நினைத்துக்கொள்கிறேன்: எதைக் காட்ட வேண்டும், எதை வாசிக்கிறவருக்கு விட்டுவிட வேண்டும்.

தாள், மண்டிக்காரர்கள் கொடுக்கும் மாதக் காலண்டரின் பின்பக்கம். புளி மண்டி, உரக்கடை, துணிக்கடை என்று வருஷத்துக்கு நாலைந்து காலண்டர் வரும். மாதம் முடிந்ததும் கிழித்துப் பாய்க்கு அடியில் வைத்துவிடுவேன். நாலாக மடித்து, ஓரத்தை அறுத்து, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைத்தால் ஏடு. வண்ணத்துக்கு அலைந்தது தனி உலகம். மஞ்சள், சமையல் மஞ்சள்தான். அவரை இலையைக் கசக்கினால் பச்சை. காய்ந்ததும் பழுப்பாகிவிடும் என்பதால் இலைகளை மட்டும் கடைசியில், ஆள் பார்க்கப்போகிற அன்றைக்குத் தீட்டுவேன். செங்கல்லை உரசினால் வீரனின் செவலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கறுப்புக்கு, மண்ணெண்ணெய் விளக்கின் மேல் ஓட்டைக் கவிழ்த்துப் புகைக்கரி பிடிப்போம். அது தாளில் நிற்காமல் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். ஆயாதான் வழி சொன்னாள். கருவேல மரத்தில் வடிந்து காய்ந்த பிசினை ஊறவைத்துக் கரியோடு குழைக்கச் சொன்னாள். அப்படிக் குழைத்த கறுப்பு இன்றைக்கும் உதிரவில்லை. அந்த மரத்தின் இனத்திலிருந்து எடுக்கும் பிசினைத்தான் உலகெங்கும் நீர்வண்ணக் கட்டிகளில் சேர்க்கிறார்கள் என்பது ஓவியப் பள்ளியில் சேர்ந்த பிறகே தெரிந்தது. ஆயா எந்தப் பள்ளிக்கும் போனதில்லை.

ஒவ்வொரு உயிரும் ஒவ்வொரு விதமாக உட்கார்ந்து கொடுக்கும், அல்லது கொடுக்காது. வீரன் விழித்திருக்கும்போது என்னைப் பார்த்தாலே எழுந்து வந்து தாளை முகர்வான். ஆகையால் அவன் தூக்கம் எல்லாம் என் கணக்கில் இருக்கிறது. சுருண்டு படுத்த தூக்கம், மல்லாந்து நாலு காலும் மேலே தூக்கிய தூக்கம், கனவில் கால் ஓடுகிற தூக்கம். கொண்டைக்காரி என்ற கோழி பகலில் ஒரு நொடி நிற்காது. தலையில் கொத்தாக இறகு நிற்கும் கொண்டைக் கோழி அது. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தலை முன்னே போய் நிற்க, உடம்பு பின்னால் வந்து சேரும். அதை இருட்டிய பிறகு கூடைக்குள் அடைத்ததும் விளக்கு வெளிச்சத்தில்தான் வரைந்தேன். காலை மட்டும் பகலில், அது மண்ணைக் கிளறும்போது பார்த்துப் பார்த்துப் போட்டேன். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கிளறியதும் ஓர் அடி பின்வாங்கி, குனிந்து, ஒரு கண்ணை மட்டும் சாய்த்துத் தரையைப் பார்க்கும். கோழிக்கு இரண்டு கண்ணும் இரண்டு பக்கம். அப்படிச் சாய்ந்து பார்க்கும்போது ஒரு கண்தான். இதை அறிந்துகொண்ட நாளில் அண்ணனிடம் ஓடிப்போய் இதையும் எழுதச் சொன்னேன். எழுதினான்.

கருப்பாயிதான் பெரிய சோதனை. உடம்பெல்லாம் கறுப்பு. கரியை அப்பினால் தாளில் எருமைக்குப் பதில் எருமை வடிவத்தில் ஒரு பொந்துதான் வந்தது. ஆயாவோடு ஆற்றுக்கு மேய்க்கப் போன ஒரு மத்தியானம் கருப்பாயி தண்ணீரில் படுத்து எழுந்து கரையேறியது. நனைந்த முதுகில் வெயில் பட்டதும் முதுகெலும்பு நெடுக ஒரு வெள்ளைக்கோடு. விலாவில் ஒரு வெளிச்சம், இடுப்பெலும்பின் மேட்டில் ஒன்று, கொம்பின் வளைவில் ஒன்று. கறுப்பு கறுப்பாக இருக்கவில்லை. அந்த இடங்களில் தாளை அப்படியே விட்டுவிட்டு மற்ற இடத்துக்கு மட்டும் கரி போட்டேன். எருமை தாளைவிட்டு எழுந்து நின்றது.

ஆயா அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். "கண்ணு ரப்பைய விட்டுட்டியே" என்றாள். நான் போய்ப் பார்த்தேன். நீளமான, நேராகக் கீழே சரிகிற இமை மயிர். அத்தனை வருஷமாகப் பால் குடித்தும் நான் பார்த்திராத ஒன்று.

எங்கள் நிலத்தைத் தாண்டி ஒரு வேடியப்பன் கோயில் உண்டு. கோயில் என்றால் வேப்பமரத்தடியில் ஒரு கல். கையில் ஆயுதத்தோடு ஒரு வீரன், காலடியில் சின்னதாகச் சில மாடுகள். எங்கள் மாவட்டம் முழுக்க இப்படித்தான். தகடூர் நாடு என்று அன்றைக்குப் பேர்பெற்ற இந்தப் பகுதியில் ஆநிரை கவர்ந்தவர்களோடும் மீட்டவர்களோடும் மோதிச் செத்தவர்களுக்கு நட்ட கற்கள் வேடியப்பனாகிப் பொங்கல் வாங்குகின்றன. பொங்கல் வைக்கும் நாளில் எண்ணெய் பூசிய கல்லில் உருவங்கள் துலங்கும். நான் ஆளைப் பார்க்க மாட்டேன். மாடுகளைத்தான் பார்ப்பேன். உளிக்காரர் அந்த மாடுகளை ஒன்றுபோலச் செதுக்கவில்லை; ஒன்று மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். அது யாரோ ஒருவருடைய மாடு, பேர் வைத்துக் கூப்பிட்ட மாடு என்று நம்பினேன். இன்னமும் நம்புகிறேன்.

அந்த நம்பிக்கைக்குச் சாட்சி எங்கள் ஊருக்கு அத்தனை தூரத்தில் இல்லை. அரூரிலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் தண்டராம்பட்டு. அந்த வட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளுக்காகச் சண்டையிட்டு மடிந்த கருந்தேவக்கத்தி என்பவனுடைய கல் அது. அவனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதன் பேர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லில் எழுத்து இருக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களை இரா. நாகசாமி தலைமையில் தொல்லியல் துறையினர் ஊர் ஊராக அலைந்து தேடி 1972இல் புத்தகமாக்கினார்கள். எனக்கு இந்தச் செய்தி கல்லூரியில் படிக்கும்போதுதான் வந்துசேர்ந்தது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எருமைகள், அவற்றை ஓட்டிப்போகும் ஆள், கூடவே போகும் நாய்: ஒவ்வொரு நாளும் எங்கள் வாசலிலிருந்து ஆற்றுக்குப் புறப்பட்ட ஆயா, கருப்பாயி, வீரன். கள்ளர்கள்தான் வரவில்லை. அந்த உளிக்காரர் நாயின் நன்றியைப் பாராட்டி எதுவும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். பேரைச் சொன்னார், அது என்ன செய்தது என்பதைச் சொன்னார், உருவத்தைச் செதுக்கினார். நானும் அண்ணனும் திண்ணையில் சண்டை போட்டுக் கண்டுபிடித்த முறை ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்பே பக்கத்து வட்டத்தில் நடைமுறையில் இருந்திருக்கிறது.

வளர்த்த உயிர்களுக்குப் புத்தகத்தில் இடம் கொடுத்தவர்களை அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். அலகாபாத்தில் வாழ்ந்த இந்திக் கவிஞர் மகாதேவி வர்மா, 'மேரா பரிவார்' என்று 1972இல் வெளியிட்ட நூல் முழுக்கத் தன் வீட்டு விலங்குகளைப் பற்றியது. நீலகண்டன் என்ற மயில், சோனா என்ற மான், கௌரா என்ற பசு. காக்கை கொத்திக் காயப்பட்டுக் கிடந்த கில்லு என்ற அணில்குஞ்சைப் பஞ்சுத்திரியில் பால் தொட்டுப் பிழைக்கவைத்த கதையை இந்தி படிக்கும் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படிக்கிறார்கள். மகாதேவி ஓவியரும்கூட. 'தீபசிகா' தொகுப்பில் தம் கவிதைகளோடு தாமே தீட்டிய படங்களையும் சேர்த்தவர். கில்லுவைப் பற்றிய வரிகளில் அந்த ஓவியக் கண்ணை என்னால் உணர முடிகிறது. அணில் திரைச்சீலையில் ஏறி இறங்குவதை எழுதும்போது கோடு போடுகிற மாதிரிதான் எழுதுகிறார்.

தமிழில் மா. கிருஷ்ணன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். காட்டுயிர் பற்றி எழுதிய கட்டுரைகளுக்குத் தாமே படம் வரைந்தார். காட்டு யானையைப் பற்றி எழுதுகிற அதே கவனத்தோடு வீட்டுக் கூரையில் திரியும் அணிலையும் காக்கையையும் எழுதினார், வரைந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' என் மேசையைவிட்டு நகர்வதில்லை. நம் பிள்ளைகளுக்கான புத்தகங்களில் படம் போடுகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பாடப்புத்தகத்துப் பசு யாருடைய பசுவும் இல்லை. கிருஷ்ணனின் காக்கை ஒரு குறிப்பிட்ட காக்கை, அதற்கு அன்றைக்கு ஏதோ வேலை இருக்கிறது.

இங்கிலாந்தின் பீட்ரிக்ஸ் பாட்டரை உலகமே அறியும். அவர் வளர்த்த முயலின் பேர் பீட்டர். பக்கத்தில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வரைந்தார். 1893இல் நோயாகப் படுத்திருந்த தெரிந்த வீட்டுப் பையனுக்குப் படக்கடிதமாக எழுதிய முயல் கதையைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்ப, தம் கைக்காசில் 250 படிகள் அச்சிட்டார். அந்தப் படிகள் கைக்கு வந்தது 1901 டிசம்பரில். பீட்டர் அதே வருஷம் ஜனவரியிலேயே செத்துப்போயிருந்தது. இன்றைக்கு எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் பார்க்கிற நீலச்சட்டை போட்ட முயலுக்கு உள்ளே, ஒன்பது வயது வரை வாழ்ந்த அந்த ஒரு முயலின் தோளும் பின்னங்காலும் இருக்கின்றன. அதை வரைந்தவருக்குத்தான் அது எந்த முயல் என்று தெரியும்.

எங்கள் புத்தகத்தில் சுட்டியின் பக்கம் பாதியில் நிற்கிறது. கறுப்பு வெள்ளாட்டுக் குட்டி; நெற்றியில் மட்டும் வெள்ளை. தாய் ஆடு பால் சுரக்காததால் புட்டியில் கருப்பாயியின் பாலைக் கொடுத்து நான் வளர்த்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் சத்தம் கேட்டால் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தும். அதன் கண்மணி வட்டமாக இருக்காது, கிடையாகப் போட்ட ஒரு கோடு மாதிரி இருக்கும். பொழுது சாயச் சாய அந்தக் கோடு தடித்துக்கொண்டே வரும். தலையும் காதும் முன்னங்காலும் முடித்திருந்தேன். அந்த வருஷம் துவரை காய்ந்துபோயிற்று. அப்பா ஒரு ராத்திரி அம்மாவிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். விடிகாலையில் சந்தைக்கு ஓட்டிப்போகும்போது என்னை எழுப்பவில்லை. எழுப்பாததும் அவருடைய அன்புதான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் ஏட்டை எடுத்துவந்து, மீதியை வேறு குட்டியைப் பார்த்து வரைந்து முடித்துவிடேன் என்றான். பின்னங்கால் எல்லா ஆட்டுக்கும் ஒன்றுதானே என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் அதற்குமேல் பேசாமல், படத்துக்குக் கீழே எழுத வேண்டியதை எழுதினான். சுட்டியைச் சந்தையில் விற்றோம். அதனால் பின்னங்கால் இல்லை. அந்த இரண்டு வரியைவிட நேர்மையான வரியை அவன் பிறகு எழுதி நான் பார்த்ததில்லை. இன்றைக்குப் பெரிய பத்திரிகையில் இருக்கிறான்.

ஏடு தெருவில் கைமாறத் தொடங்கியது. முதலில் பிள்ளைகள். பிறகு, தண்ணீர் சேந்த வந்த பெண்கள். கருப்பாயி இருக்கிறதே, எங்கள் லட்சுமி எங்கே என்று ஒரு வீடு. சண்டைச் சேவல் வளர்த்த மாமா ஒருவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். வால் இறகு ஒன்றையும் குறைத்துவிடக் கூடாது என்று கடைசிவரை எழுந்திருக்கவில்லை. காலண்டர் தாளுக்குப் பஞ்சம் வந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் பழைய மாதங்களைக் கிழித்துக் கொடுத்தார்கள்.

எதிர்வீட்டுத் தாத்தாவிடம் அப்போது மாடே இல்லை. இளவயதில் பென்னாகரம் பக்கம் போய் ஆலம்பாடி மாடு ஒரு ஜோடி வாங்கி வந்து வண்டியும் ஏரும் கட்டியவர். காவிரிக்கரை ஊரான ஆலம்பாடியின் பேரைத் தாங்கிய, மேட்டுக்காட்டு உழவுக்கும் பாரத்துக்கும் பேர்போன இனம் அது. குறைந்துகொண்டே வந்த அந்த இனத்துக்கென்று இப்போது காரிமங்கலத்தில் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தாத்தாவின் ஜோடியில் ஒன்று செத்துப் பல வருஷம். இன்னொன்றை ஒற்றையாக வைத்திருக்க மனமில்லாமல் கொடுத்துவிட்டார். அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"செத்த மாட்ட வரைய முடியுமா பாப்பா?"

"நான் பாத்ததில்லையே தாத்தா."

"நான் பாத்திருக்கேன். சொல்றேன், போடு."

ஒரு நாள் முழுக்க அவர் சொல்ல நான் போட்டேன். "நெத்தி இன்னும் நீளம். கொம்பு பக்கத்துல விரியாது, ரெண்டும் கிட்டகிட்ட மொளைச்சுப் பின்னால சாயும். நுனி மட்டும் கூரா இருக்கும். மயிலை இல்ல, அதுக்கும் மேல கறுப்பு ஏறின நெறம். தோளுகிட்ட இன்னும் கறுப்பு. நெத்தியில ஒரு வெள்ள." நான் அழித்தேன், போட்டேன், மறுபடி அழித்தேன். தாள் மெலிந்து ஓட்டை விழப்பார்த்தது. திமிலுக்கு வந்தபோது அவர் என் கையைப் பிடித்து, தன் உள்ளங்கையை நுகத்தடி படும் இடத்தில் வைப்பதுபோல் காற்றில் வைத்துக் காட்டினார். அந்த உயரத்தைப் பார்த்துத்தான் திமிலை வரைந்தேன். கடைசியில் அவர் தாளை எடுத்து, தூரத்தில் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது எடத்து மாடு. இவனேதான்" என்றார். "வலத்து மாட்ட நாளைக்குச் சொல்றேன். அவனுக்குக் கொம்பு ஒண்ணு லேசா ஒடஞ்சிருக்கும். ஜோடியப் பிரிச்சு இவன ஒத்தையா நிக்க வச்சிடாத."

மறுநாள் பொழுது விடியும் முன்னமே, அடுத்த மாட்டுக்கான காலண்டர் தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அவர் எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டார்.